புஷ்பவல்லியின் கட்டைவிரல்

பிரிக்பீல்ட்ஸில் ஸ்காட் சாலையிலிருந்து பிரியும் ஒரு சின்னச் சந்தில், பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கிறது ‘பசியாறல் கூடம்’. வாரத்தில் ஏழு நாளும் மதியம் பன்னிரண்டரைக்கு அங்கே யார் போனாலும் சூடான சாப்பாடு உண்டு. எந்த ஊர், என்ன சாதி, ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. கையில் ஒரு டோக்கன் மட்டும் இருக்க வேண்டும். அந்த டோக்கன் ஹேமாவின் ஏற்பாடு.

ஹேமா காப்புறுதி நிறுவனம் ஒன்றில் பத்து வருடம் வேலை பார்த்தவள். முப்பத்தாறு வயது. இரண்டு வருடத்துக்கு முன்பு கூடத்தின் பொறுப்பை ஏற்றபோது அங்கே ஒரே தள்ளுமுள்ளாக இருந்தது. யாரோ இடித்து யார் மேலோ சாம்பார் கொட்டி, அன்றைக்கே இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே மாதத்தில் அவள் எல்லாவற்றையும் ஒழுங்குக்குக் கொண்டு வந்தாள். தினமும் வருகிறவர்களுக்கு நிரந்தர எண். எண்ணைக் கூப்பிட்டால் எழுந்து வர வேண்டும், வாங்க வேண்டும், உட்கார வேண்டும். சண்டை நின்றது. ஆனால் அவளுக்கு எல்லாருமே எண்ணாகத்தான் மனத்தில் தங்கினார்கள். பதினெட்டு உப்பு கூடாதவர், ஐம்பத்திரண்டு காது கேட்காதவர். அதில் தவறு இருப்பதாக அவளுக்குத் தோன்றியதும் இல்லை.

முப்பத்தொன்று ஓர் அம்மாள். அறுபது வயது இருக்கும். பங்சாரில் ஒரு பேரங்காடியில் துப்புரவு வேலையை முடித்துவிட்டு, அதே நீலச் சீருடையோடு வருவார். சாப்பிட்டதும் யாரும் கேட்காமலே பின்கட்டுக்குப் போய் அரை மணி நேரம் தட்டுக் கழுவுவார். பிறகு வீட்டுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஹேமாவிடம் அவர் பேசிய மொத்த வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கூடத்துக்குக் கேரம் பலகை வந்தது தற்செயல்தான். வீடு மாற்றிப் போன ஒரு குடும்பம் மேசை நாற்காலிகளோடு அதையும் அனுப்பிவிட்டது. ஹேமா அதைப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிடப் பார்த்தாள். பரமேஸ்வரன் குறுக்கே வந்து நின்றார். அவர் ரயில்வேயில் சிக்னல் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு தனியாகச் சமைக்க மனம் வராமல் இங்கே வருகிறவர். பதினொரு மணிக்கே வந்து காத்திருக்கும் ஜனங்களுக்குப் பொழுது போக வேண்டாமா என்று அவர் கேட்டார். ஹேமா விட்டுவிட்டாள். பலகையைக் கழுவிக் காயவைத்து வாசலோரம் போட்டார்கள்.

மூன்று வாரம் பரமேஸ்வரனை அசைக்க ஆள் இல்லை. யாரோடு ஆடினாலும் அவரே ஜெயித்தார். ஜெயித்ததைச் சாப்பாட்டு மேசை வரை பேசிக்கொண்டே போனார்.

ஒரு வியாழக்கிழமை நல்ல மழை. பரமேஸ்வரனோடு ஆடிக்கொண்டிருந்தவர் தொலைபேசி வந்து நடுவில் எழுந்துபோனார். பக்கத்துப் பெஞ்சில் முப்பத்தொன்று உட்கார்ந்திருந்தார். ஆள் வரும் வரை சும்மா உட்காருங்கள் அக்கா, காயைத் தொட்டுப் பாருங்கள், தப்பில்லை என்று பரமேஸ்வரன் பெரிய மனதோடு அழைத்தார். அவர் கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். எந்த நிறம் என்னுடையது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். வெள்ளை என்றார்கள்.

பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். எல்லாரும் ஒத்துக்கொள்வது ஒன்றுதான்: பரமேஸ்வரனுக்கு மறுபடி முறையே வரவில்லை. வெள்ளைக்காய்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் குழிக்குள் இறங்கின. ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த காய்க்கு அந்த அம்மாள் ஸ்ட்ரைக்கரைக் கட்டைவிரலால் பின்பக்கமாகச் சுண்டினார். யாரும் அப்படி ஆடிப் பார்த்ததில்லை. காய் சத்தமில்லாமல் போய் விழுந்தது.

பன்னிரண்டரைக்கு ஹேமா வழக்கம்போல ‘ஒன்று’ என்று கூப்பிட்டாள். ஒருவரும் வரவில்லை. இரண்டு, மூன்று என்று கூப்பிட்டும் அசைவில்லை. கரண்டியும் கையுமாகக் கோபத்தோடு வெளியே வந்தவள், ஐம்பது அறுபது பேர் மூச்சு விடாமல் ஒரு பலகையைச் சுற்றி நிற்பதைக் கண்டாள். பக்கத்துத் தையல்கடை லிம் அங்கிளும் ஊசியில் நூல் கோத்தபடி வந்து நின்றிருந்தார். கடைசி வெள்ளை விழுந்ததும் எழுந்த ஆரவாரத்தில் கூடத்துப் பூனை வாசலைத் தாண்டி ஓடிவிட்டது.

அன்றுதான் ஹேமா அவர் பெயரைக் கேட்டாள். புஷ்பவல்லி.

“எங்கக்கா கத்துக்கிட்டீங்க இத?”

“கத்துக்கல்லாம் இல்லம்மா. ஸ்ரீ கெம்பாங்கான்ல கையுறை ஃபேக்டரில இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். நைட் ஷிப்ட் ரெஸ்ட் டைம்ல நாங்க பொம்பளைங்க வெளாடுவோம். நேப்பாள் பிள்ளைங்க, இந்தோனேசியா பிள்ளைங்க, நாங்க. பலகைய செவத்தோரம் அட்டைப்பெட்டி மேல போட்டிருப்பாங்க. சுத்தி நிக்க இடம் இருக்காது. அதனால கட்டைவிரல்.”

உங்களில் யாரையாவது போட்டிக்குக் கூப்பிட்டிருக்கிறார்களா என்று கேட்டதற்கு, போட்டி எல்லாம் ஆண்கள் பிரிவுக்குத்தான் நடந்தது, அதுவும் பகல் ஷிப்டில் என்று சொல்லிவிட்டுத் தட்டுக் கழுவப் போய்விட்டார்.

பரமேஸ்வரன் தோற்றதில் சுருங்கிப்போவார் என்று ஹேமா நினைத்தாள். அவரோ மறுநாள் ஒரு நோட்டீசோடு வந்தார். அடுத்த மாதம் கிள்ளானில் ஓர் இளைஞர் மன்றம் நடத்தும் கேரம் போட்டி. முப்பத்திரண்டு பேர். ஆண், பெண் யாரும் சேரலாம், கட்டணம் கிடையாது. ஐந்து சுற்று ஜெயித்தால் கோப்பை. அவர் கண் பளபளத்தது. தன்னைத் தோற்கடித்தவர் சாதாரண ஆளாக இருந்துவிடக் கூடாதே என்ற கவலையும் அதில் கொஞ்சம் இருந்தது.

ஹேமா தயங்கினாள். இது சாப்பாட்டுக்கூடம், விளையாட்டு மன்றம் இல்லை. இருந்தாலும் புஷ்பவல்லியிடம் போகிறீர்களா என்று கேட்டாள். முடியாது என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறது. மாற்று ஆள் இல்லாமல் விடமாட்டார்கள். வீட்டில் கணவர் பாலனுக்குப் பக்கவாதம், மூன்று வருடமாகக் கட்டிலும் சக்கர நாற்காலியும்தான். கம்போங் மேடான் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. லிப்ட் பாதி நாள் ஓடாது. இதையெல்லாம் புகாராக இல்லாமல், பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னார். ஹேமாவுக்குத்தான் சோற்றுக்கரண்டி கனத்தது. தினமும் அந்தப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். அது யாருக்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அவள் வீட்டுக்குப் போய் என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். வரிசையில் நிற்பவர்கள் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. இரண்டே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட்டிருந்தார்கள். எழுபதும் எழுபத்தொன்றும், அதாவது மலரும் அவள் தங்கையும், ஞாயிறு அன்று பங்சார் போய்ப் புஷ்பவல்லிக்குப் பதிலாக வேலை செய்வதாக மேற்பார்வையாளரிடமே பேசிவிட்டார்கள். பாசார் சந்தையில் மூட்டை தூக்கும் நான்கு பேர் பாலனை நாற்காலியோடு மூன்று மாடி இறக்குவதாகச் சொன்னார்கள். போட்டிக்குக் காலர் வைத்த வெள்ளைச் சட்டை வேண்டும் என்று நோட்டீசில் இருந்தது. லிம் அங்கிள் அளவெடுத்தார். எட்டு வருடமாகக் கிழிசல் மட்டுமே தைத்துவந்த மனிதர், புது நூல்கண்டு வாங்கி வந்தார்.

“எல்லாரும் போகணும்னு சொல்றாங்கம்மா,” என்றார் பரமேஸ்வரன். “ஒரு நாள் கூடத்தக் கிள்ளானுக்குக் கொண்டுபோனா என்ன லா?”

ஹேமா வாழ்க்கையில் முதல்முறையாகக் கணக்குப் போடாமல் சரி என்றாள்.

அந்த ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கே அடுப்பு எரிந்தது. வராதவர்களுக்குச் சாப்பாடு போட இரண்டு தொண்டர்கள் கூடத்தில் தங்கினார்கள். புஷ்பவல்லியும் முன்னதாகவே வந்து கைகொடுக்க, போகிறவர்களுக்கு அறுபது பொட்டலம் கட்டினார்கள். சாம்பார் சாதம், உருளைக்கிழங்குப் பிரட்டல், ஆளுக்கு ஒரு முட்டை. ஐம்பத்தைந்து பேர் ஆளுக்கொரு பையோடு கே.எல். சென்ட்ரலில் கிள்ளான் ரயில் ஏறியபோது, காவலர் ஒருவர் எந்தக் கோயில் திருவிழா என்று விசாரித்தார்.

ரயிலில்தான் சட்டையைப் பிரித்துப் பார்த்தார்கள். தைத்ததில் ஒரு குறையும் இல்லை. முதுகில் சிவப்பு நூலில் கூடத்தின் பெயரையும் லிம் அங்கிள் போட்டிருந்தார். தமிழ் படிக்கத் தெரியாதவர், பெயர்ப்பலகையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வரைந்து தைத்திருக்கிறார். ‘ல்’லின் மேலே இருந்த புள்ளி மட்டும் விட்டுப்போய்விட்டது. ‘பசியாறல கூடம்’ என்று இருந்தது. பெட்டியே குலுங்கச் சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று லிம் அங்கிளுக்கு விளக்கியதும் அவர் எல்லாரையும்விட அதிகம் சிரித்தார். புள்ளி வைக்க ஊசி கொண்டுவரவில்லையே என்று பையைத் துழாவினார். வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று புஷ்பவல்லி அதை மாட்டிக்கொண்டார்.

புஷ்பவல்லியின் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கம்போங் டத்தோ ஹருன் நிறுத்தத்தில் நான்கு பேர் பாலனை நாற்காலியோடு உள்ளே ஏற்றினார்கள். வெளுத்த முகம், சவரம் செய்த கன்னம், யாரோ போட்டுவிட்ட நீலச் சட்டை. அவருக்குப் பேச்சு குழறும். மனைவி விளையாடப் போகிறாள் என்று சொல்லியிருந்தார்கள். நம்பாத முகத்தோடு மனைவியையே பார்த்துக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வருடக் குடும்பத்தில் ஒரு தடவைகூட அவர் கேரம் பலகை பக்கம் புஷ்பவல்லியைக் கண்டதில்லை.

கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். பதினாறு பலகை, மேலே தொங்கும் விளக்குகள், பவுடர் வாசனை. போட்டியாளர்களில் முக்கால்வாசி இளைஞர்கள், மன்றச் சட்டை போட்டவர்கள். புஷ்பவல்லியைப் பார்த்து, பதிவு மேசையில் இருந்த கார்த்திகேசு, போட்டியின் ஏற்பாட்டாளர், யாருடைய அம்மா என்று கேட்டார். புஷ்பவல்லி தன் பெயரைப் பட்டியலில் காட்டினார். முதுகெழுத்தைப் படித்த ஒரு பையன், ஆன்டி இன்னும் பசியாறலயா என்று கிண்டலடித்தான். ஹேமாவுக்குச் சுருக்கென்றது. புஷ்பவல்லி மட்டும், சோறு கையோடதான் வந்திருக்கு தம்பி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அந்தப் பையன்தான் முதல் சுற்றில் எதிராளி. இருபது நிமிடத்தில் அவன் எழுந்து கை கொடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது சுற்றில் பந்திங்கிலிருந்து வந்த ஓர் ஆசிரியர். அவர் நன்றாகவே ஆடினார். ஆனால் சிவப்புக்காயைத் தொட நினைக்கும்போதெல்லாம் அது அங்கே இருக்கவில்லை. மண்டபத்தின் அந்த மூலையில் கூட்டம் சேர ஆரம்பித்தது. பரமேஸ்வரன் ஒவ்வொரு காய் விழும்போதும், என்னை ஜெயித்தவர், என்னை ஜெயித்தவர் என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. சாப்பாடு வரவில்லை. மன்றம் சொல்லி வைத்திருந்த லோரி நெடுஞ்சாலையில் பழுதாகி நிற்பதாகத் தகவல் வந்தது. ஒன்றரை ஆயிற்று, இரண்டாயிற்று. நூறு பேருக்கு மேல் பசியோடு இருந்தார்கள். குழந்தைகள் சிணுங்கின. இருப்பவர்கள் வெளியே போய்ச் சாப்பிட்டுத் திரும்ப மாலையாகிவிடும், போட்டியை இன்னொரு நாளுக்குத் தள்ளலாமா என்று கார்த்திகேசு நெற்றியைத் துடைத்தபடி யோசித்தார்.

ஹேமா தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தாள். அறுபது பொட்டலம். அது அவர்களுக்குரிய சாப்பாடு. சிலருக்கு நாளுக்கு அதுதான் ஒரே சாப்பாடு. கேட்கலாமா கூடாதா என்று அவள் வாய் திறக்கும் முன்பே லிம் அங்கிள் தன் பொட்டலத்தை நீளமேசையில் வைத்துப் பிரித்துவிட்டார். அடுத்து மூட்டை தூக்குகிறவர்கள் வைத்தார்கள். அப்புறம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கு ஒரு பொட்டலம், சின்னப் பிள்ளைகளுக்கு முட்டை முழுசாக, என்று தாமே முடிவெடுத்துக்கொண்டு பரிமாற ஆரம்பித்தார்கள். தினமும் டோக்கனோடு வரிசையில் நிற்கிறவர்கள், அன்று மேசைக்கு அந்தப் பக்கம் நின்று மற்றவர்களை வரிசையில் வரச் சொன்னார்கள். தள்ளாம வாங்க, எல்லாருக்கும் இருக்கு என்று ஐம்பத்திரண்டு அதட்டியது அப்படியே ஹேமாவின் குரல். அவள் சிரிப்பை அடக்கமுடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்சம் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

முதல் சுற்றில் தோற்ற அந்தப் பையன் பாலனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாதிச் சோற்றை அவருக்கு ஊட்டிவிட்டு மீதியைத் தான் சாப்பிட்டான். அதற்குப் பிறகு அவன் புஷ்பவல்லியின் ஆள். அந்த மண்டபத்தில் பாதிப் பேர் அப்படி ஆகிவிட்டார்கள்.

மூன்றாவது சுற்றும் அரையிறுதியும் புயல்போலப் போயின. இறுதியில் எதிரே வந்து உட்கார்ந்தது செந்தில். முப்பது வயது, மாநிலத்துக்கு ஆடியவன், மூன்று வருடமாக இந்தக் கோப்பை அவனிடம்தான். உட்காரும் முன் புஷ்பவல்லியின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பிறகு ஈவிரக்கம் இல்லாமல் ஆடினான்.

முதல் மூன்று ஆட்டமும் அவனுக்கே. புஷ்பவல்லியின் விரல்கள் இரண்டு முறை வழுக்கின. நான்காவது ஆட்டத்தில் அவர் ஷூவைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்தார். நடுவரிடம் தவறா என்று கேட்டார். விதியில் ஷூவைப் பற்றி ஒன்றும் இல்லை என்று இறுதிக்கு நடுவராக உட்கார்ந்திருந்த கார்த்திகேசு தலையசைத்தார். அங்கிருந்து ஆட்டம் திரும்பியது. நான்கு, ஐந்து, ஆறு என்று நெருங்கினார். தோற்றவரிடம் மீந்த காய்களுக்குத்தான் புள்ளி; ஏழாவதையும் அவர் எடுத்தபோது இருவர் புள்ளியும் சமம். எட்டாவதே கடைசி. அதை முடிப்பவருக்குக் கோப்பை.

கடைசி ஆட்டத்தில் செந்திலுக்கு ஒரே ஒரு கறுப்பு பாக்கி. புஷ்பவல்லிக்கு இரண்டு வெள்ளை. நடுவில் சிவப்பு. சிவப்பைப் போட்டு, உடனே அடுத்த அடியில் சொந்தக் காயையும் போட்டால்தான் அது செல்லும். சிவப்பு பலகையில் இருக்கும் வரை யாரும் ஆட்டத்தை முடிக்க முடியாது. செந்தில் குறிபார்த்து அடித்தான். சிவப்பு குழியின் உதட்டில் மோதி, சுழன்று, பலகையைக் குறுக்கே கடந்து, புஷ்பவல்லியின் கோட்டுக்குப் பின்னால், அவர் வயிற்றுக்கு நேரே வந்து நின்றது. அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அந்த இடத்துக் காயை எவரும் நேராக அடிப்பதில்லை.

புஷ்பவல்லி ஸ்ட்ரைக்கரை வைத்தார். கையைத் திருப்பினார். கட்டைவிரல் பின்பக்கமாக மடங்கியது. ஹேமா, அதுவரை எந்தச் சாமியையும் தனியாகக் கூப்பிடாதவள், எல்லாச் சாமியையும் ஒன்றாகக் கூப்பிட்டாள்.

சின்னதாக ஒரு ‘டிக்’. சிவப்பு, ஓரத்தை உரசிக்கொண்டு போய் இடக்கைக் குழியில் விழுந்தது.

யாரும் கத்தவில்லை. கத்தினால் கலைந்துவிடும் என்பதுபோல் பயந்து நின்றார்கள். அடுத்தது வெள்ளை. நேர் அடி, விழுந்தது. கடைசி வெள்ளை தொலைவில், செந்திலின் கறுப்புக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது. அவர் நிமிர்ந்து ஒரு தடவை பாலனைப் பார்த்தார். பிறகு பலகையின் எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பும்படி ஸ்ட்ரைக்கரை அடித்தார். அது போய் மோதியது, திரும்பியது, வெள்ளையைப் பின்னாலிருந்து தட்டியது. வெள்ளை மெதுவாக, யாரையும் அவசரப்படுத்தாமல் சறுக்கிப்போய், குழியின் விளிம்பில் ஒரு கணம் யோசித்து, உள்ளே இறங்கியது.

அந்தச் சத்தத்தை ஹேமா சாகும் வரை மறக்கமாட்டாள். நாற்காலிகள் சரிந்தன. பரமேஸ்வரன் வாசலில் காவலுக்கு நின்ற ஒரு போலீஸ்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். லிம் அங்கிள் தன் மொழியில் ஏதோ கூவினார். செந்தில் தலையில் கை வைத்தபடி சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, ஆன்டி அந்தக் கட்டைவிரல் அடியை எனக்கு இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்க என்று கேட்டான். புஷ்பவல்லி கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஹேமா ஓடிப்போய்த் தோளைத் தொட்டபோதுதான் நிமிர்ந்தார்.

“ஜெயிச்சிட்டேனாம்மா?” என்று கேட்டார்.

“ஜெயிச்சிட்டீங்கக்கா.”

மாலை ரயிலில் கோப்பை கைமாறிக் கைமாறிப் பெட்டி முழுவதும் சுற்றி வந்தது. தெரியாத பயணிகளும் வாங்கிப் பார்த்தார்கள். மலர் பங்சாரிலிருந்து போன் செய்து, மூன்றாவது மாடி வரை பெருக்கித் துடைத்தாகிவிட்டது, முடிவு என்ன என்று கத்திக் கேட்டாள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து செவ்வாய்தோறும் செந்திலும் அவன் மன்றத்து ஆட்களும் பிரிக்பீல்ட்ஸ் வருவதென்றும், பரிமாறிவிட்டு ஆடுவதென்றும் மண்டபத்திலேயே பேசி முடித்துவிட்டார்கள். பெண்களுக்கான மாநில அணித் தேர்வுக்குப் புஷ்பவல்லியின் பெயரை எழுதிக்கொண்டுதான் கார்த்திகேசு அவரை வெளியே விட்டார். ஹேமா இதையெல்லாம் கைப்பேசியில் குறித்துக்கொள்ளப் போய், குறிக்காமலே மூடி வைத்தாள்.

எதிரே சக்கர நாற்காலியில் பாலன் தன் நல்ல கையால் மனைவியின் வலக்கையைப் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் வாயை அசைத்துச் சொல்லைத் தேடினார்.

“ஏன்... எங்கிட்ட... சொல்லல?” என்றார்.

“நீங்க கேக்கலையே,” என்றார் புஷ்பவல்லி. அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை ஹேமா அன்றுதான் பார்த்தாள். “நாளைக்குக் காலையில வாங்கிட்டு வரேன் ஒரு பலகை. உங்களுக்கு இடது கை இருக்கில்ல?”

கம்போங் டத்தோ ஹருன் வந்தது. நான்கு பேர் நாற்காலியைத் தூக்க எழுந்தார்கள். அவர்களோடு, தங்கள் நிறுத்தம் அதுவல்லாத இன்னும் இருபது பேர் எழுந்து கதவுப் பக்கம் நகர்ந்தார்கள்.